மூன்று பேருக்கு ஒரு கல்

கூவலூத்தில் மலை இல்லாத வீடு கிடையாது. கொல்லைக் கதவைத் திறந்தால் மலை, மாடியில் துணி காயப்போடப் போனால் மலை, சலூன் கண்ணாடியில் முகத்துக்குப் பின்னால் மலை, அந்த மலையின் நெஞ்சில் மேலிருந்து கீழாக மூன்று வெள்ளைக் கோடுகளாக மூன்று அருவிகள், அவற்றுக்கும் மேலே, மேகம் வந்து உட்காருகிற இடத்தில், உள்ளூர்க்காரர்கள் கசம் என்றும் வெளியூர்க்காரர்கள் ஏரி என்றும் சொல்கிற ஆழமான, குளிர்ந்த தண்ணீர். இத்தனையும் கண்ணெதிரே இருந்தும் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அங்கே போனதில்லை. "எங்க போயிறப் போகுது, இங்கனதான இருக்கு" என்பார்கள். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் ஏறி, குளித்து, கும்மாளம் போட்டு இறங்க, கூவலூத்துக்காரர்கள் அவர்களுக்கு வழி சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருக்கும் பரஞ்சோதியும் அந்தத் தொண்ணூறு பேரில் ஒருவர்தான். வருகிற பஸ், போகிற பஸ், பஞ்சராகி நின்ற பஸ் எதுவும் அவர் பேனாவுக்குத் தப்பாது. கொல்லையிலிருந்து பார்த்தால் தெரிகிற அருவிக்குப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போக மட்டும் இருபத்திரண்டு வருஷமாக நேரம் வாய்க்கவில்லை. அடுத்த மாசம் என்றார், அடுத்த மாசம் மழை வந்தது. தை பிறக்கட்டும் என்றார், தை பிறந்து தம்பிக்குக் கல்யாணம் வந்தது. மகள் பிறந்தாள், படித்தாள், கட்டிக்கொடுத்துக் கோயம்புத்தூர் போனாள், அருவி அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் அவர் மனைவி அன்னமயில் கறிவேப்பிலை உருவியபடி மலையைப் பார்த்துக்கொண்டு, "காலு நல்லா இருக்குறப்பவே ஒருக்கா கூட்டிட்டுப் போயிருங்க. இல்லாட்டி நாளைக்குப் படுக்கையில கெடந்துக்கிட்டு கொல்லக் கதவத் தொறந்து வைங்கன்னு ஒங்களத்தான் கெஞ்சிக்கிட்டு இருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரஞ்சோதி பதிலுக்குக் கோபப்பட்டு அதை முடித்திருப்பார். சும்மா சொன்னாள், அதனால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலமே ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்துக் கோடு போட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே திட்டம் பஸ் அட்டவணை, ஆகவே அந்த நடையும் பஸ் மாதிரியே ஓடியது: சோதனைச்சாவடி புறப்பாடு 5.45, கீழருவி 7.20, குளிக்க இருபத்தைந்து நிமிஷம், நடு அருவி 9.10, காலில் ஏறிய அட்டைகளை உப்பு வைத்துத் தட்ட பத்து நிமிஷம், மேலருவி 10.50, கசம் 12.15, சாப்பாட்டுக்கும் காலை நீட்டி உட்காரவும் நாற்பது நிமிஷம், இறக்கம் 12.55, சாவடி வருகை 5.30. ஆறு மணிக்கு மேல் மலையில் ஆள் இருக்கக் கூடாது என்பது வனத்துறையின் கட்டளை. கீழே, கொண்டு போக வேண்டியவை என்று எழுதி எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், உப்பு முடிச்சு, வேப்பெண்ணெய், கயிறு என்று வரிசை போட்டார். அந்தத் தாளை அன்னமயில் மூன்று தடவை வாங்கிப் படித்தாள்.

போவது நான்கு பேர் என்று முடிவாகியிருந்தது. பரஞ்சோதி, அன்னமயில், பரஞ்சோதியின் பள்ளிக்கூட நாள் கூட்டாளியும் மின்வாரியத்தில் லைன்மேனுமான தனுஷ்கோடி, கண்டக்டர் வீரணன். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது வீரணனுக்கு முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, அவர் படுத்துவிட்டார். நான்கு பேருக்குக் குறைந்தால் சாவடியில் அனுமதிச் சீட்டு கிடையாது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு பேர் இறங்கி வந்து ஆள் கூப்பிட வேண்டும், அதற்காக அந்தக் கணக்கு. பரஞ்சோதி ஊரில் கேட்காத ஆள் இல்லை. எல்லாரும் இங்கனதான இருக்கு, இன்னொரு நாள் பாக்கலாம் என்று நழுவிவிட்டார்கள்.

"மூணு பேராப் போகவும் கூடாதுங்க" என்றாள் அன்னமயில். "எங்க வீட்ல பொண்ணு கேக்க மூணு பேராப் போக நேர்ந்தா ஒரு கல்ல எடுத்து மடியில கட்டிக்கிட்டுத்தான் படியிறங்குவாக. அந்தக் கல்லுதான் நாலாவது ஆளு."

"கல்லுக்கு யாரு சீட்டுக் குடுப்பா, தங்கச்சி?" என்று சிரித்தார் தனுஷ்கோடி.

"பேரு வச்சாக் குடுத்துட்டுப் போறாக."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எழுந்து போய், கொல்லைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அண்டக்கொடுத்திருந்த உருண்டைக் கல்லைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, சாவடியிலிருந்து வாங்கி வந்திருந்த அனுமதிப் படிவத்தின் மேல் வைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற, கருத்த, வழவழப்பான கல். கல்லாண்டி என்று தனுஷ்கோடி பெயர் சொன்னார், பரஞ்சோதி எழுதினார். இது ஒன்றோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பது என் எண்ணம். ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் பரஞ்சோதிக்குப் பொறுக்காது, இருபது வருஷமாக ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாத கை அது. வயது முப்பத்தொன்று என்று போட்டார். அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், மேலத்தெருவில் அப்படி ஒருத்தர் இல்லை என்று மனதுக்குள் வீடு வீடாகப் போய் நிச்சயம் செய்துகொண்டு, தாயார் சீனியம்மாள், மேலத்தெரு, கூவலூத்து என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். திங்கட்கிழமை மதியம் சாவடியில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு சீனியம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

அறுபது வயது இருக்கும். வெள்ளைக்கல் மூக்குத்தி, கையில் குடை, இன்னொரு கையில் மஞ்சப்பை. "பரஞ்சோதி தம்பி வீடு இதான?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, அன்னமயில் போட்ட பாயில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் கல்லாண்டியோட அம்மா. மலைக்குக் கூட்டிட்டுப் போறீகளாம்ல. அதான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் சளிக்கட்டு, வேகமாக ஏறினால் இளைக்கும், இளைக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டான், நாம்தான் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், குளிர்ந்த தண்ணீரைக் குடிக்க விடக்கூடாது, பாறையில் உட்கார்ந்துவிட்டானென்றால் அதட்டக்கூடாது, கூடவே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தானாக எழுந்து வருவான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனாள். மாவு மில்லுக்கும் ரேடியோ ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒருக்களித்துப் போகிற ஒரு சந்து உண்டு. அந்தச் சந்து இருந்த இடத்தில் இப்போது முருங்கை மரத்தோடு ஒரு ஓட்டு வீடு இருந்தது. சீனியம்மாள் அந்த வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

பரஞ்சோதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊர் அப்படியெல்லாம் திகைத்து நிற்கவில்லை. ஊர் எதற்கும் திகைத்து நிற்பதில்லை. டீக்கடைக்காரர், கல்லாண்டிக்குச் சீனி போடாத டீதான் பிடிக்கும் என்றார். சலூன்காரர், ஆண்டிக்கு உச்சியில் ரெட்டைச் சுழி, வெட்டினால் முடி எழுந்து நிற்கும் என்று கத்தரியை ஆட்டிக்கொண்டே சொன்னார். ஆண்டி பத்தாவது பாஸா, இல்லை கணக்கில் கோட்டைவிட்டவனா என்பதில் மேலத்தெருவும் கீழத்தெருவும் இரண்டு நாள் பேசாமல் இருந்தன. தரகர் ஒருவர் அவனுக்கு ஏற்ற பெண் ஜாதகம் ஒன்று உத்தமபாளையத்தில் இருப்பதாக அன்னமயிலிடம் சொல்லிவிட்டுப் போனார். பேருந்து நிலையத்தில் ஆளாளுக்கு வந்து, "இப்பதாண்ணே போனாப்ல, ஒரு செகண்டு முந்தி வந்திருந்தாப் பாத்திருப்பீக" என்றார்கள். அவன் போட்டிருந்த சட்டை வெளிர்நீலம் என்பதில் மட்டும் ஊரில் இரண்டு கருத்து இல்லை.

எல்லார் கண்ணிலும் பட்ட அவன் மூன்று பேர் கண்ணில் மட்டும் படவில்லை. பரஞ்சோதி டீக்கடைக்கு ஓடுவார், அங்கே சூடு ஆறாத காலி டம்ளர் இருக்கும். தனுஷ்கோடி கம்பத்தின் மேல் ஏறி நின்று நான்கு தெருவையும் பார்ப்பார், நீலச்சட்டை எதுவும் தெரியாது. கடைசியில் வெட்கத்துக்குப் பயந்து தனுஷ்கோடி தானும் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தார். "என்ன மாப்ள செய்யச் சொல்ற? ஊரே பாத்தேங்குது, நான் மட்டும் பாக்கலன்னா என்னைய ஒரு மாதிரில்ல பாக்குறாய்ங்க."

பரஞ்சோதி சாவடிக்குப் போய் அந்த ஒரு பெயரை அடித்துவிடச் சொன்னார். அங்கே இருந்த வாட்சர் நல்ல மனுஷன், பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். "காரணம் எழுதணும் சார். ஒடம்புக்குச் சரியில்லையா?"

"அப்படி இல்ல."

"வர மாட்டேன்னுட்டாரா? அப்ப அவரே வந்து ஒரு கையெழுத்துப் போடட்டும். காலையில இந்தப் பக்கந்தான் உலாத்திக்கிட்டு இருந்தாரு, மலையவே பாத்துக்கிட்டு. ரொம்ப ஆசையா இருக்காப்ல போல."

பரஞ்சோதி காரணம் எழுத வேண்டிய கட்டத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒரு கட்டத்தில் எழுத எதுவும் கிடைக்கவில்லை, திரும்பி நடந்தார்.

சரி, பெற்றவளிடமே உண்மையைச் சொல்லிவிடுவது என்று வெள்ளிக்கிழமை மேலத்தெருவுக்குப் போனார். அம்மா, அது கல்லு, எங்க வீட்டுக் கதவுக்கு அண்டக்கொடுத்த கல்லு, தப்பு என்னோடது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். சீனியம்மாள் முருங்கை மரத்தடியில் ஒரு பழைய ஸ்வெட்டருக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"தம்பி, ஒங்கள எப்படிக் கும்புடுறதுன்னே தெரியல" என்றாள். "இத்தனை வயசுல அவன ஒருத்தரும் வாடான்னு கூப்புட்டதில்ல. விளையாட்டுக்குச் சேக்க மாட்டாக, கல்யாணங்காச்சிக்கு வேன் பிடிச்சா எடமில்லம்பாக. ஒங்க பேருக்குப் பக்கத்துல அவம் பேர எழுதிருக்கீக. நாலு நாளா அவன் மூஞ்சியப் பாக்கணுமே தம்பி. என்ட்ட வந்து, யம்மா, என்னையும் சேத்து நாலு பேரும்மாங்குறான்."

அவள் எழுந்ததில் கீழே விழுந்த ஸ்வெட்டரைப் பரஞ்சோதி குனிந்து எடுத்துக் கொடுத்தார். "பத்திரமாக் கூட்டிட்டு வந்துர்றேம்மா" என்றார். அதை அவர் சொல்ல நினைக்கவே இல்லை. சொன்ன பிறகு வேறெதுவும் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து அவர்கள் கல்லைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். வேறு எதைக் காப்பாற்றுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அன்னமயில் அதைக் காலையும் மாலையும் வெந்நீரில் கழுவி, சளிக்கட்டு என்று சொன்னதை நினைத்துத் துணியால் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்தாள். பரஞ்சோதி தன் சட்டைப் பைக்கு உள்பக்கமாக ஒரு பட்டையும் இரண்டு ஊக்கும் வைத்துத் தைக்கச் சொன்னார். தனுஷ்கோடி மின்கம்பி கட்டுகிற நைலான் கயிற்றில் கல்லுக்கு ஒரு சின்ன வலை பின்னி, அதன் முனையைப் பையின் பொத்தானில் முடிந்தார். மூன்று பேரும் முறை போட்டு அதைச் சரிபார்த்தார்கள். வேண்டாம், பயணத்தையே நிறுத்திவிடலாமா என்று பரஞ்சோதி சனிக்கிழமை கேட்டபோது, அன்னமயில் மலையைப் பார்த்தாள், மேலத்தெரு இருக்கும் திசையைப் பார்த்தாள். "அந்தப் புள்ள மூஞ்சி என்னாகும்?" என்றாள். தன் ஆசையை அவள் சொல்லவில்லை. அதுவும் அதற்குள்தான் இருந்தது என்று பரஞ்சோதிக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது சாவடியில் பாதித் தெரு நின்றது. ஊர்க்காரன் ஒருவன் அதிசயமாக மலைக்குப் போகிறான் என்று வழியனுப்ப வந்திருந்தார்கள். அவர்கள் சொன்ன ஊர்க்காரன் ஆண்டி, பரஞ்சோதி இல்லை. வாட்சர் விரலை நீட்டி எண்ணினார். ஒன்று என்று பரஞ்சோதி, இரண்டு என்று அன்னமயில், மூன்று என்று தனுஷ்கோடி, நான்கு என்று தனுஷ்கோடிக்கு ஓரடி பின்னால் ஒன்றுமில்லாத இடம். சீனியம்மாள் அந்த இடத்தின் பக்கத்தில் போய் நின்று, உயரமான ஆளுக்குப் போடுவதுபோல எம்பி, கழுத்தடியில் ஏதோ ஒரு பொத்தானை மாட்டி, தோளைத் தட்டிவிட்டாள். பிறகு ஒரு தூக்குவாளியைப் பரஞ்சோதி கையில் கொடுத்தாள். "அவன் தூக்கினா ஆட்டி ஆட்டிக் கொட்டிப்புடுவான். சாப்புடையில நீங்க குடுங்க." பரஞ்சோதி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கல் இருந்தது. மணி 5.45, அட்டவணைப்படி புறப்பட்டார்கள்.

முதல் வளைவு திரும்பி ஊர் மறைந்ததும் பயம் கொஞ்சம் விட்டது. காட்டுக்குள் யாரும் எதையும் பார்த்ததாகச் சொல்லவில்லை, பாதை மூன்று பேர் நடக்கிற சத்தத்தோடு ஏறியது. கீழருவியில் அன்னமயில் சேலையோடு நின்று தலையைக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷமாக நூல் மாதிரித் தெரிந்தது தோளில் விழுந்தபோது உலக்கையால் குத்துவதுபோல இருந்தது என்று வாய்விட்டுக் கத்தினாள், சிரித்தாள், வெளியே வர மாட்டேன் என்றாள். அதில் இருபது நிமிஷம் கூடுதலாகப் போய்விட்டது. பரஞ்சோதி கடிகாரத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டினார். நடு அருவியில் அட்டை தட்டுவதற்கு ஆறு நிமிஷம்தான் கொடுத்தார். ஐம்பதடிக்கு ஒருதரம் சட்டைப் பையை அழுத்திப் பார்த்துக்கொண்டார். ஓடையைத் தாண்டும்போது பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தாண்டினார், பிடிக்கக் கையில்லாமல் ஒருமுறை வழுக்கி முழங்கை சிராய்த்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேலருவிக்கு ஏறுகிற செங்குத்தில், பின்னாலிருந்து வேகமாக ஏறி வந்த திண்டுக்கல் வாத்தியார்கள் நான்கு பேர் அவர்களைத் தாண்டினார்கள். அதில் கண்ணாடி போட்டவர் நின்று, "சார், நீலச்சட்டை ஒங்க கூட வந்தவர்தான?" என்றார். "கீழ ரெண்டாவது வளைவுல பாறையில உக்காந்துட்டாரு. ரொம்ப மூச்சு வாங்குது. தண்ணி குடுத்தோம், வேணாம்னுட்டாரு. நீங்க கொஞ்சம் நின்னு கூட்டிக்கிட்டுப் போங்க."

அன்னமயில் கீழே திரும்பிப் பார்த்தாள். பாதையில் பனி ஏறிக்கொண்டிருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. பரஞ்சோதி கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தாறு நிமிஷம் தாமதம். ஆறு மணிக்குள் இறங்க வேண்டும், அவ்வளவு பேர் பார்க்கக் கல்லைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பையைத் தொட்டார், வலைக்குள் கல் கதகதவென்று இருந்தது.

"இருக்காரு சார், எங்க கூடத்தான் இருக்காரு" என்றார்.

வாத்தியார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏறிப் போனார். "ஏங்க..." என்றாள் அன்னமயில். "யாரப் போயித் தேடுவ? தேடுனா நம்ம கண்ணுக்குத் தெரியப் போகுதா?" என்று பரஞ்சோதி கேட்டார். அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது, நடந்தார்கள்.

கசம் அவர்கள் நினைத்ததைவிடச் சின்னது, நினைத்ததைவிட அழகானது. சுற்றிலும் முழங்கால் அளவுப் புல், நடுவே வானத்தை அப்படியே எடுத்து வைத்த தண்ணீர். அன்னமயில் கரையில் உட்கார்ந்து காலை விட்டாள். அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டுத்தான், இதுக்குப் போயி இத்தன வருசமாக்கிட்டீகளே" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். பரஞ்சோதி தன் கல்யாண நாளில்கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் அகோரமாகப் பசித்தது. எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் பத்தவில்லை. தூக்குவாளியைத் திறந்தார்கள், நல்லெண்ணெய் மிதக்கிற புளிச்சோறும் இரண்டு அவித்த முட்டையும் இருந்தன. ஒரு பருக்கையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு மிச்சத்தை மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கல்லு முட்டை திங்குமா என்றார் தனுஷ்கோடி. அன்னமயில்கூடச் சிரித்தாள்.

இறங்கும்போது பனி அடர்ந்து முன்னால் போகிறவர் முதுகு மட்டுமே தெரிந்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், பரஞ்சோதியின் ஒரு கை அன்னமயிலிடம், இன்னொரு கை பையின் மேல். ஐந்து இருபத்தைந்துக்குச் சாவடி விளக்குத் தெரிந்தது. அட்டவணைக்கு ஐந்து நிமிஷம் முன்னால். ஒருவருக்கும் ஒரு குறையுமில்லை, கல் இருந்தது, பரஞ்சோதிக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

வாட்சர் விரலை நீட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் அப்படியே நின்றது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.

"ஆண்டி எங்க சார்?"

காலையில் வந்த தெரு சாயங்காலமும் வந்திருந்தது. சீனியம்மாள் முன்னால் குடையோடு நின்றாள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, அவர்களுக்குப் பின்னால் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்காரு, பத்திரமா இருக்காரு" என்று பரஞ்சோதி ஊக்கைக் கழற்றினார், முடிச்சை அவிழ்த்தார், வலையிலிருந்து கல்லை எடுத்தார், ஈரத்தைத் தன் வேட்டி முனையில் துடைத்தார், இரண்டு கையாலும் அதை சீனியம்மாளிடம் நீட்டினார். ஒரு கீறல் இல்லை. கொண்டு போனபடியே இருந்தது.

சீனியம்மாள் மரியாதைக்காக அதை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இது கல்லு தம்பி" என்றாள். "என் மகன் எங்க?"

வாட்சர்தான் மெதுவாகச் சொன்னார், அந்தத் திண்டுக்கல் வாத்தியார்கள் நான்கு மணிக்கே இறங்கி வந்துவிட்டார்கள், ஆண்டி பாறையில் உட்கார்ந்திருந்ததை ஏறும்போதே இவர்களிடம் சொன்னதாகச் சொன்னார்கள், இறங்கும்போது அந்தப் பாறையில் ஆள் இல்லை, முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம். சொல்லிவிட்டு மலையைப் பார்த்தார். பனி சாவடி வரைக்கும் இறங்கியிருந்தது. இனி விடிந்தால்தான் ஆளை மேலே விட முடியும் என்றார், குறிப்பெழுத நோட்டை விரித்தார்.

என்ன சட்டை என்று கேட்டார். வெளிர்நீலம் என்று தெருவே சொன்னது. உயரம்? சலூன்காரர் தன் தலைக்கு மேல் ஒரு சாண் காட்டினார். அடையாளம்? ரெட்டைச் சுழி, இடது புருவத்தில் தழும்பு, சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார். பரஞ்சோதி ஒவ்வொன்றையும் அப்போதுதான் கேட்டார். அன்னமயில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். தனுஷ்கோடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதெல்லாம் சரி" என்றார் வாட்சர். "கூடப் போனவுக சொல்லுங்க. கடைசியா எந்த எடத்துல பாத்தீக?"

பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது.

சீனியம்மாள் கிட்டே வந்தாள். திட்டப் போகிறாள் என்று பரஞ்சோதி நினைத்தார், திட்ட மாட்டாளா என்று ஏங்கினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க தம்பி. அருவிகிட்டயா? அதுக்கு மேலயா? எந்த எடம்னு சொன்னீகன்னா விடிஞ்சதும் நேரா அங்க போயிருவேன். நீங்க அவனப் பாக்கையில எப்படி இருந்தான்? மொகம் வாடியிருந்துச்சா?"

"நான் பாக்கலம்மா" என்றார் பரஞ்சோதி.

அவர் இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்து, சீனியம்மாள் கையை விடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.